தபசு காலத்தில் திறந்த அலமாரி

பிள்ளைகள் நெற்றியில் சாம்பலோடு வந்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். சுதாரிக்கவில்லை. எங்கள் வீட்டில் காலையில் குளித்துவிட்டு வெளியே வருகிற எல்லோருக்கும் நெற்றியில் சாம்பல்தான். அப்பாவுக்குப் பளிச்சென்று மூன்று கோடு, எனக்கு அவசரத்தில் ஒரு தீற்றல். ஆகவே ஒரு புதன்கிழமை சாயங்காலம் கடற்கரைத் தெருப் படிப்பகத்துக்குள் சாம்பல் நெற்றியோடு நுழைந்த அத்தனை கத்தோலிக்கப் பிள்ளைகளையும் பார்த்து, அட, நம்ம வீட்டு ஆட்கள் மாதிரியே இருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே அலமாரியைத் திறந்தேன். ஒருத்தர்கூடப் புத்தகம் எடுக்கவில்லை.

அந்த அலமாரி எனக்கு எவ்வளவு முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கம், ஆற்றுத் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். அப்பாவுக்குத் தூத்துக்குடியின் புதுத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை கிடைத்ததும் மில்லர்புரத்தில் வாடகைக்கு வீடு பார்த்து வந்துவிட்டோம். நான் பி.எஸ்ஸி. முடித்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்தேன். பிறகு தபால்காரர் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பது பொய். நடந்துகொண்டிருந்தேன். கூடத்திலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து கிணற்றடி, மறுபடி கூடம். "ஏளா, வீட்டுக்குள்ள தறியா ஓட்டுத?" என்று அம்மா கேட்பாள். வயசுப் பிள்ளை காரணமில்லாமல் வெளியே போகக் கூடாது என்பது அவள் சட்டம். காரணம் இருந்தால் போகலாம். என்னிடம் காரணம்தான் இல்லை.

காரணம் ஒரு தோழி மூலமாக வந்தது. கல்லூரியில் என்னோடு படித்தவள், கடற்கரைத் தெருக்காரி. ஆசிரியர் பயிற்சிக்காக வெளியூர் புறப்படுவதற்கு முன் ஒருநாள் என்னைத் தன் தெருப் படிப்பகத்துக்குக் கூட்டிப்போனாள். முன் அறையில் தினத்தாள்கள், கேரம் போர்டு, நீள பெஞ்சுகள். பின் அறையில் காற்றிறங்கிய கால்பந்துகள், கிழிந்த கோல் வலை, அவற்றுக்கு நடுவே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு தேக்கு அலமாரி. உள்ளே ஒன்றுமே இல்லை. காலி அலமாரியைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும்.

படிப்பகத்தின் செயலாளர் தோழிக்குப் பெரியப்பா முறை. தெருவே அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். பகலில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை. மிச்ச நேரம் முழுக்கக் கால்பந்து. தெரு அணி ஜெயித்த கோப்பைகள் எல்லாம் அவர் வீட்டில் அரிசி டிரம்மின் மேல் நின்றுகொண்டிருந்தன. சோறாக்க அரிசி எடுக்க வேண்டுமென்றால் முதலில் கோப்பைகளை இறக்க வேண்டும். அந்தத் தொல்லை தீரத்தான் அலமாரியை வாங்கிப் போட்டிருந்தார்.

"கதைப் புத்தகமா? நம்ம பயலுவளா படிக்கப் போறானுவ?" என்று சிரித்தார். "பந்தைத் தவிர வேற எதையும் குனிஞ்சு பாக்க மாட்டானுவ, பாத்துக்கோ."

"கொடுத்துப் பாருங்க அண்ணாச்சி. ஏழாப்பு எட்டாப்புலேர்ந்து எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படிக்க பிள்ளைகளுக்குன்னு தனியா வைப்போம்."

"அதென்ன அப்படி ஒரு கணக்கு?"

"பாட்டி வடை சுட்ட கதை கேட்குற வயசை அவங்க தாண்டிட்டாங்க. பெரியவங்க கதை படிக்க இன்னும் வயசு வரல. நடுவுல நிக்கவங்களுக்கு யாரும் எதுவும் தாரதில்ல."

அண்ணாச்சி அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிழிந்த வலையைப் பார்த்தார். "சரி, ஈஸ்டர் வரைக்கும் வச்சுக்கோ. புள்ளைக வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிப் படிச்சுதுகன்னா அலமாரி உனக்கு. அடுக்குனது அடுக்குனபடி இருந்துச்சுன்னு வையி, ஈஸ்டர் அன்னைக்குக் கப்பு உள்ள ஏறிரும்." சொல்லிவிட்டு அலமாரிச் சாவியைக் கையில் கொடுத்தார்.

அம்மாவிடம் சாவியைக் காட்டினேன். பொறுப்பு என்றால் அம்மாவுக்கு ஒரு மரியாதை உண்டு. சாவியை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள், கையில் வைத்து எடை பார்த்தாள். "சாவி உங்கிட்ட இருக்க வரைக்கும் போயிட்டு வா. விளக்கு வைக்கதுக்குள்ள வந்துரணும்." ஆக, விஷயம் இதுதான்: அலமாரி போனால் சாவி போகும், சாவி போனால் சாயங்கால பஸ் போகும், அப்புறம் கூடம், அடுப்படி, கிணற்றடி.

அலமாரியை நிரப்பியதில் பாதி, பழைய புத்தகக் கடைகளிலும் தோழிகள் வீட்டுப் பரண்களிலும் நான் பிடுங்கிச் சேர்த்தது. மறு பாதி அம்மாவுடையது. வாரப் பத்திரிகைகளில் வருகிற தொடர்கதைகளை அம்மா வாரந்தோறும் கிழித்துச் சேர்த்து, தொடர் முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, மைதாப் பசை தடவி, பழைய காலண்டர் அட்டையில் பைண்டு பண்ணிவிடுவாள். கதை ஓடுகிற பக்கத்தின் பின்னால் தலைவலி மருந்து விளம்பரம் இருக்கும், ஜோக் இருக்கும், பாதிச் சமையல் குறிப்பு இருக்கும். "இரவல் குடு, வேண்டாங்கல. ஒண்ணு தொலைஞ்சாலும் உன்னை விட மாட்டேன்" என்று சொல்லித்தான் பையில் எடுத்து வைத்தாள்.

முதல் வாரம் அமர்க்களமாகப் போயிற்று. கால்பந்து விளையாடி முடித்த பையன்கள் தண்ணீர் குடிக்க வந்தார்கள். பெண்பிள்ளைகள் என்னை வேடிக்கை பார்க்க வந்தார்கள். நான் விட்டேனா? சிபாரிசு செய்வதில் எனக்கென்று ஒரு பாணி இருந்தது. புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கதையைக் கடகடவென்று சொல்லிக்கொண்டே வருவேன். பாழடைந்த பங்களாவுக்குள் அக்காவும் தம்பியும் போய்விட்டார்கள், மழை பிடித்துக்கொண்டது, விளக்கு அணைந்துவிட்டது, மாடியில் யாரோ நடக்கிறார்கள்... அங்கே நிறுத்திப் புத்தகத்தை நீட்டிவிடுவேன். நீட்டிய கையிலிருந்து பிடுங்காதவர் இல்லை.

சறுக்கல்களும் உண்டு. வாயாடி ஒருவன் இருந்தான், பதினாலு வயசு, தெரு அணியின் கோல்கீப்பர். எங்கள் ஊரில் என் சித்தி மக்கள் அடித்துக்கொண்டு படித்த புதையல் தீவுக் கதை ஒன்றை அவனுக்குக் கொடுத்தேன். கப்பல், புயல், சுறா எல்லாம் உண்டு. மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து வைத்தான்.

"என்னக்கா இது, எந்தப் பக்கத்தைத் திருப்புனாலும் தண்ணியா இருக்கு. எங்க வீட்டு வாசல்லயும் தண்ணிதான். ரயிலு வாரது இருக்கா?"

நெல் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும், கடற்கரைப் பிள்ளைகளுக்கு ரயில் வேண்டும். அன்றைக்கே கடல் கதைகளைக் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டு, மலையும் காடும் பாலைவனமும் பனியும் வருகிறவற்றை மேலே ஏற்றினேன். பனிக்கு வழவழத் தாளில் அச்சான ரஷ்யக் கதைகள் இருந்தன.

"பனின்னா எப்படிக்கா இருக்கும்?"

"மீனுக்குப் போட ஐஸ் பிளாண்ட்ல உடைச்சுக் குவிச்சு வச்சிருப்பாங்கள்ல? அதை ஊரு முழுக்கக் கொட்டி வச்ச மாதிரி."

"அய்ய! அப்ப ஊரே மீன் கவிச்சி அடிக்குமே!"

அவ்வளவு பேரிலும் என் கண் ஒரு பெண்ணின் மேல்தான் இருந்தது. பதினைந்து வயசு. தெருப் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் அவள்தான் தலைவி. அவள் உட்கார்ந்தால் உட்காருவார்கள், எழுந்தால் எழுவார்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நான் பேசுவதையெல்லாம் கேட்பாள், ஒன்றும் எடுக்க மாட்டாள். இவள் எடுத்துவிட்டால் தெருவே எடுத்த மாதிரி. அதனால் அவளிடம் மட்டும் அளவுக்கு மீறிப் பேசினேன். "மிட்டாயி, சினிமா, திருவிழா எல்லாத்தையும் ஒரு தட்டுல வையி, இந்த பங்களாக் கதையை ஒரு தட்டுல வையி. இதைவிட ருசியா உலகத்துல வேற எதுவும் கிடையாது." அவள் எடுத்துப் போனாள். மறுநாள் அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, மாட்டிக்கொண்டாள். அவளோடு சேர்ந்து தெருவும் மாட்டிக்கொண்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து புத்தகங்களைத் திருப்பி அடுக்கினார்கள். என்ன வேகம், அத்தனையும் படித்து முடித்துவிட்டார்கள் என்று நான் பூரித்துப் போனேன். மறுநாள்தான் அந்தச் சாம்பல் புதன்.

"எடுங்க, எடுங்க, என்ன பாத்துக்கிட்டு நிக்கீங்க?"

தலைவிதான் பேசினாள். "நாங்க கதையை விட்டுட்டோம்க்கா."

"விட்டுட்டீங்கன்னா?"

"தபசு காலம் ஆரம்பிச்சிட்டுல்லாக்கா. ரொம்பப் பிடிச்சது ஒண்ணை ஈஸ்டர் வரைக்கும் விட்டுரணும்."

கத்தோலிக்கர்கள் ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் தபசு இருப்பார்கள், கறி தின்ன மாட்டார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருப்பார்கள் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். கதைப் புத்தகமும் அந்தப் பட்டியலில் ஏறும் என்று யார் கண்டது?

"கறியைத்தானே விடுவாங்க?" என்றேன், குரல் எனக்கே பரிதாபமாகக் கேட்டது.

"கறியை எல்லாரும் விடுவாவ. இது நாமளா நெனச்சு விடுதது."

"நான் முந்திரி மக்ரூனைத்தான் விடலாம்னு இருந்தேன்" என்றான் கோல்கீப்பர். "இவதான், அதை நீ தினமுமா திங்க, சாமியை ஏமாத்துதியாலேன்னு கேட்டுட்டா."

"நீங்கதானக்கா சொன்னீங்க" என்றாள் அவள், கேலியே இல்லாமல். "இதைவிட ருசி எதுலயும் கிடையாதுன்னு. அப்ப இதைத்தான விடணும்?"

ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே சொன்னாள்: அவள் அண்ணன் முதல்முறையாகச் சரக்குத் தோணியில் மாலத்தீவுக்குப் போயிருக்கிறான், அவன் நல்லபடி வந்து சேர வேண்டிக்கொண்டுதான் விட்டிருக்கிறாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

அன்றைக்கு பஸ்ஸில் மில்லர்புரம் வரும்வரை விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். என் கெடு ஈஸ்டர் வரை. அவர்கள் விரதமும் ஈஸ்டர் வரை. எவ்வளவு அழகாகப் பொருந்தியிருக்கிறது!

வேடிக்கை என்னவென்றால், பிள்ளைகள் வருவதை நிறுத்தவில்லை. தினம் வந்தார்கள். கண்ணாடிக் கதவில் மூக்கை வைத்து அமுக்கி உள்ளே பார்த்தார்கள். நான் தினமும் கண்ணாடியைத் துடைத்தேன்.

"படிக்கத்தான கூடாது? நான் சொல்லுதேன், நீங்க கேளுங்க" என்று ஒருநாள் வலை விரித்துப் பார்த்தேன். பையன்கள் பளிச்சென்று நிமிர்ந்தார்கள்.

தலைவி யோசிக்கவே இல்லை. "ஒருசந்தி அன்னைக்கு அம்மா ஊட்டி விட்டா மட்டும் ஒருசந்தி முறியாதாக்கும்?"

ஆனால் பைண்டுப் புத்தகத்தின் பின்பக்கங்கள் கதை இல்லை என்று அவளே தீர்ப்புச் சொன்னாள். அதனால் கதை இருக்கிற பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பின்பக்கங்களை மட்டும் படிக்கிற ஓர் அதிசயம் எங்கள் படிப்பகத்தில் நடந்தது. கூந்தல் தைல விளம்பரம் வரிக்கு வரி மனப்பாடமாயிற்று. "அக்கா, கத்திரிக்கா கூட்டு பாதியில நிக்கு, தேங்காய் அரைச்சாங்களா இல்லையா?" என்று கோல்கீப்பர் கவலைப்பட்டான். அதற்கும் அடுத்த பாகம் எங்கள் வீட்டில் இல்லை.

அண்ணாச்சி அவ்வப்போது பின் அறைக்கு வருவார். அலமாரியின் மேல்தட்டைச் சாண் போட்டு அளப்பார். "பெரிய கப்பு இங்கன நிக்கும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போய்விடுவார். மனிதரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் பார்த்தபோதெல்லாம் புத்தகங்கள் அடுக்கியது அடுக்கியபடிதான் இருந்தன.

வழி திறந்தது ஆட்டுக்கறியால். ஒரு திங்கள்கிழமை கோல்கீப்பர் வந்து, முந்தின நாள் வீட்டில் கறிக்குழம்பு எப்படி இருந்தது என்று வர்ணிக்க ஆரம்பித்தான்.

"தபசு காலத்துலயா?" என்றேன்.

"ஞாயித்துக்கிழமை ஒருசந்தி கிடையாதுல்லாக்கா. ஆண்டவருக்க நாளு. ஞாயிறு நாப்பதுல சேராது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. எல்லோரும் தலைவியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பங்குச் சாமியார்கிட்ட கேட்டுட்டு வாரேன்" என்று போனவள் மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள்.

"என்னளா சொன்னாவ?"

"சிரிச்சாவ."

"சிரிச்சா என்னளா அர்த்தம்? ஆமாவா, இல்லையா?"

"பூசைக்கு வராம படிச்சா அடி விழும்னாவ."

"அப்ப ஆமா!" என்று கோல்கீப்பர் குதித்த குதியில் கேரம் காய்கள் சிதறின.

அடுத்த தடை, ஞாயிற்றுக்கிழமை படிப்பகம் பூட்டிக் கிடக்கும். மொத்தத் தெருவும் மைதானத்தில் இருக்கும். "ஞாயித்துக்கிழமை பந்தைப் பாக்காம இங்கன வந்து மனுசன் என்ன செய்வான்?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டுவிட்டு, அண்ணாச்சி வாசல் சாவியைக் கொடுத்தார். "ஞாயித்துக்கிழமையுமா?" என்றாள் அம்மா. இரண்டாவது சாவியையும் எடுத்துக் காட்டினேன். பொறுப்பு இரட்டிப்பாகிவிட்டது என்று அவளே புரிந்துகொண்டு, ஞாயிறு மட்டும் விளக்கு வைத்த பிறகு வரலாம் என்றாள்.

அந்த ஞாயிறுகளை என்னவென்று சொல்வது! காலைப் பூசை முடிந்து வீட்டில் தலையைக் காட்டிவிட்டு வருவார்கள். ஜன்னல் பக்கம் பெண்பிள்ளைகள், வாசல் பக்கம் பையன்கள். பேச்சு கிடையாது. காற்று வந்து பக்கங்களைப் படபடக்க வைக்கும். முழங்கையால் அமுக்கிக்கொண்டு படிப்பார்கள். சாயங்காலம் கோயிலில் திரிகால செபத்துக்கு மணி அடித்ததும் ஞாயிறு முடிந்தது என்பது தலைவியின் சட்டம். எந்த வரியில் இருந்தாலும் சரி, மூடிவிட வேண்டும். மணி அடிக்கும், பட், பட், பட் என்று மூடுகிற சத்தம் கேட்கும், பெருமூச்சு விடுகிற சத்தம் கேட்கும். பங்களாக் கதையில் அவள் நின்ற இடம் ஒரு கதவு. அக்காவும் தம்பியும் உள்ளே ஒளிந்திருக்கிறார்கள், வெளியே யாரோ மெதுவாகத் தட்டுகிறார்கள். மணி அடித்துவிட்டது. மூடிவிட்டாள். அந்தக் கதவு ஈஸ்டருக்கு என்று ஒதுக்கி வைத்து, அடுத்த ஞாயிறுகளிலும் அவள் அதைத் தொடவில்லை, யாரையும் தொட விடவில்லை.

அப்புறம் வாரக்கணக்கில் தெருவில் வேறு பேச்சில்லை. கதவைத் தட்டியது யார்? படித்தது பாதி, மிச்சத்தை யூகிப்பதற்கு விரதம் தடையா என்று ஒரு விவாதம். தடையில்லை என்று முடிவு. தட்டியவன் திருடன், மாமன், போலீஸ், செத்துப்போன அப்பா. தண்ணீர்க் குழாயடியில் ஒரு கட்சி, மைதானத்தில் ஒரு கட்சி.

இந்தக் காட்சியை அண்ணாச்சி ஒரு ஞாயிறு நேரிலேயே பார்த்தார். ஆட்டத்துக்கு நடுவில் கோல்கீப்பரைக் காணோம் என்று தேடிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"ஏலே! அங்கன மூணு கோலு வாங்கிட்டு நிக்கோம், நீ இங்கன என்னலே செய்யுத?"

"ரயிலு பாலத்துல நிக்கு அண்ணாச்சி. பாலம் உடையப் போவுது. ஒரே ஒரு பக்கம்..."

காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வாசலில் நான் மறித்தேன். "பாருங்க அண்ணாச்சி, எத்தனை பேரு படிக்காங்க. அலமாரி எனக்குத்தான?"

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போவணும்கிறதுதான் பேச்சு. மொத வாரத்து ஆசையும் இங்கன உக்காந்து புரட்டுததும் கணக்குல சேராது. பஸ் ஸ்டாண்டுலயும்தான் எவன் எவனோ பேப்பர் படிக்கான்." இரண்டு எட்டு வைத்தவர் திரும்பினார். "ஏம்மா, அந்தக் கதவைத் தட்டுனது யாரு? எங்க வீட்டுல சோறு திங்க விடாம பேசுதாளுவ."

"படிச்சுப் பாருங்களேன்."

"எனக்கெதுக்கு அது" என்று போய்விட்டார்.

வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லி நான் கேட்காமல் இல்லை. தலைவி ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் கண் முன்னால் புத்தகம் இருந்தால் திங்கள்கிழமை கை சும்மா இருக்காதாம். அவளுக்கு அவளைப் பற்றி நன்றாகவே தெரிந்திருந்தது. ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்தோலை ஞாயிற்றுக்கு முன்னால் அவள் அண்ணன் கறுத்துப்போய், பல் தெரியச் சிரித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். எனக்கு ஒரு கெட்ட சந்தோஷம். வேண்டுதல் பலித்துவிட்டதல்லவா?

"அதான் வந்துட்டாங்கல்ல, இனி எடுக்கலாமே?" என்றேன் மெதுவாக.

"ஈஸ்டர் வரைக்கும்னுல்லா வேண்டுனது. காரியம் முடிஞ்சதும் சாமியைக் கழட்டி விட்டா அடுத்த நடை தோணி போவாண்டாமா?"

ஆக, எனக்கு இருந்தது ஒரே ஒரு காலை நேரம். விரதம் முடிந்து அண்ணாச்சி கோப்பைகளோடு வருவதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

ஈஸ்டர் அன்று முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டேன். தெரு முழுக்கப் புதுத்துணி வாசனை. வீட்டுக்கு வீடு கேக்கும் பலகாரமும் தட்டில் வைத்துத் துணி மூடி எதிரும் புதிருமாகப் போய்க்கொண்டிருந்தன. அலமாரியை அகலத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். நடுராத்திரிப் பூசைக்காக விடியற்காலை வரை விழித்த பிள்ளைகள், புதுச்சட்டை போட்டதும் தூங்கிவிட்டால்?

தூங்கவில்லை. முதலில் தலைவி வந்தாள். பங்களாக் கதையை எடுத்தாள், பக்கத்தைத் தேடிப் பிடித்தாள், நின்றபடியே படித்தாள். "இவனா!" என்று ஒரு கத்து கத்திவிட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓடினாள். அந்தக் கத்து தெருக்கோடி வரை கேட்டிருக்க வேண்டும். அப்புறம் வெள்ளம்தான். பாதியில் நின்றவர்கள் பாய்ந்து எடுத்தார்கள். புதிதாக வந்தவர்களுக்கு நான் ஒரு வாக்கியத்துக்கு ஒரு புத்தகம் என்று சிபாரிசு செய்தேன். உனக்குப் பேய் பயமா, அப்ப இது. உனக்கு அண்ணனோட சண்டையா, இதுல ஒருத்தி அண்ணனைச் சமாளிக்கா பாரு. கணக்குப் பிடிக்குமா, இந்தா விடுகதை. கீழ்த்தட்டில் கிடந்த கடல் கதைகளைக்கூட, ஊரிலிருந்து திருநாளுக்கு வந்திருந்த விருந்தாளிப் பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போனார்கள். கோல்கீப்பர் ஒரு கையில் மக்ரூனும் ஒரு கையில் ரயிலுமாக நடந்தான்.

அலமாரி துடைத்து வைத்த மாதிரி ஆயிற்று.

அண்ணாச்சி வந்தார். பட்டு வேட்டி. பின்னால் இரண்டு ஆட்டக்காரர்கள் சாக்குமூட்டையில் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் அலமாரிக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று, கையை வீசிக் காட்டினேன்.

"பாருங்க அண்ணாச்சி. ஒண்ணுகூட இல்ல!"

அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. "ரொம்ப சந்தோசம்மா. நான் வாரதுக்குள்ள நீயே காலி பண்ணித் தந்துட்டியே! ஏலே, எடுத்து வைங்கலே."

நான் சொன்னதெல்லாம் கோப்பைகள் மோதுகிற சத்தத்தில் போயிற்று. எல்லாம் வீட்டுக்குத்தான் போயிருக்கிறது, நீங்க சொன்னபடிதான் போயிருக்கிறது என்று மூன்று விதமாகச் சொல்லிவிட்டேன். "அதான் போயிட்டுல்லா, பின்ன அலமாரி எதுக்கு?" என்று அன்பாகவே கேட்டார். கேள்வியில் தப்பே இல்லை என்பதுதான் கொடுமை. பெரிய கோப்பை மேல்தட்டில் அளவெடுத்தது போல உட்கார்ந்தது. அளவெடுத்ததுதானே. இரண்டு சாவிகளும் அவர் மடிக்குப் போயின.

வெளியே வந்தால் தலைவி நிற்கிறாள், கையில் கேக் தட்டோடு. எனக்குக் கொடுக்க வந்திருக்கிறாள். நடந்ததைச் சொன்னேன். சாவி இல்லாமல் இனி எப்படி வருவேன் என்பதையும் சொல்லிவிட்டேன்.

"புத்தகம் திரும்பி வந்தாத்தானக்கா அலமாரி வேணும்?" என்றாள். "வராம நாங்க பாத்துக்கிடுதோம்."

வீட்டில் அம்மா கேட்டாள், "சாவி எங்க?"

"குடுத்துட்டேன். அலமாரி போச்சு."

"சரி, விடு. என் பைண்டுப் புத்தகமெல்லாம் எங்க?"

"பிள்ளைங்க வீட்டுல."

"எல்லாமுமா?"

"எல்லாமும்."

அம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "இங்க நின்னு என்ன செய்யுத? நாளைக்கே போயி ஒவ்வொண்ணா வாங்கிட்டு வா!"

போனேன். பங்களாக் கதை தலைவியிடம் இல்லை, எதிர்வீட்டுக்குப் போயிருந்தது. எதிர்வீட்டில் கேட்டால் பின்வீட்டில். ரயில் கதை மைதானத்தில் யாரோ ஒரு பையனின் சட்டைக்குள். படித்தவர் திருப்பித் தருவதில்லை, அடுத்தவருக்குத் தருவது என்று ஏற்பாடு செய்துவிட்டார்கள். தருகிறபோது, என்னைப் போலவே, ஆனால் என்னைவிடச் சுருக்கமாக, "கதவைத் தட்டுவாங்க. அந்த இடத்துல ஒரு வாரம் நிறுத்திப் பாரு, அப்ப தெரியும்" என்று சொல்லித் தந்தார்கள். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். "இன்னும் வரலியா? பின்ன நாளைக்கும் போ" என்றாள் அம்மா. மறுநாளும் போனேன். அதற்கு அடுத்த வாரமும். போகவில்லை என்றால்தான் இப்போது திட்டு. ஒரு சாவியால் இவ்வளவு சாதித்திருக்க முடியாது.

ஞாயிறு வாசிப்பு நிற்கவில்லை. பூட்டு அலமாரிக்குத்தான், பெஞ்சுக்கு இல்லையே. வாசலை ஞாயிற்றுக்கிழமையும் அண்ணாச்சியே திறந்துவிட்டார், கோப்பைகளை வருகிறவர்கள் பார்க்க வேண்டுமல்லவா. தபசு காலம் போய் வெயில் உச்சத்துக்கு வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் சீக்கிரம் முடிந்ததால் அண்ணாச்சி கோப்பைகளைத் துடைக்க உட்கார்ந்தார். பெரிய கோப்பைக்குள் கையை விட்டவர் காலண்டர் அட்டை போட்ட ஒரு புத்தகத்தை வெளியே எடுத்தார். யாரோ, அநேகமாகக் கோல்கீப்பர், அடுத்த ஆள் வரும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று, அவர் அலமாரியைத் திறந்த சமயம் பார்த்து உள்ளே போட்டிருக்க வேண்டும்.

"இது யாரு வேலைலே?" என்றார். எல்லோரும் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர் முதல் பக்கத்தைத் திருப்பினார். பின்பக்கத்தில் கூந்தல் தைலத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். மறுபடி முன்பக்கத்துக்கு வந்தார். துடைத்துக்கொண்டிருந்த துணி தோளில் ஏறியது.

கோயில் மணி அடித்தது. பட், பட், பட் என்று அத்தனை பிள்ளைகளும் புத்தகத்தை மூடினார்கள். மூடிய பிறகுதான் ஈஸ்டர் போய் எத்தனையோ வாரமாயிற்று என்று ஞாபகம் வந்து, ஒருவரையொருவர் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின் அறையில் அண்ணாச்சி மட்டும் நிமிரவில்லை. அக்காவும் தம்பியும் பங்களாவுக்குள் போய்விட்டிருந்தார்கள் போலிருக்கிறது.

அந்தப் புத்தகம் அம்மாவுடையது. அவரிடம் அதைத் திருப்பிக் கேட்கிற உத்தேசம் எனக்கு இல்லை.